கற்பிட்டி ஏன் குற்பிட்டி ஆயிற்று?

கணினித் திரையில் நாம் பெயர் எழுதும் சிறிய வெள்ளைப் பெட்டியைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரன் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அச்சுக்கோப்பாளரின் தட்டிலிருந்து கணினித் திரை வரைக்கும் தமிழ் எழுத்து நகர்ந்து வந்த பாதையில் என் தொழில் வாழ்வின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. எழுத்து சிதைந்தால் செய்தி சிதையும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். செய்தியில் எழுத்துப் பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடலாம். மனிதனின் பெயரில் எழுத்துப் பிழைத்து அது அடையாள அட்டைக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கும் படகுப் பதிவுக்கும் ஏறிவிட்டால் திருத்தம் போடுவதற்கு அவன் எத்தனை வாசற்படி ஏறவேண்டும் என்பதைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோர மக்களிடம் கேட்டால் தெரியும்.

சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம், அங்கிருந்து களப்பைச் சுற்றிக் கொண்டு பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டி என்று நீளும் அந்தக் கரை விசித்திரமான பெயர்க் களஞ்சியம். உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலைச் சுற்றி வாழும் இந்துக்கள், கற்பிட்டிக் குடாநாட்டின் கத்தோலிக்கர், தலைமுறை தலைமுறையாகக் களப்பையும் உப்பையும் நம்பி வாழ்ந்த முஸ்லிம்கள், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் இங்கே வந்து குடியேறிய பெருந்தொகையினர், இவர்களுடன் சிங்கள மக்கள். ஹாஜரா, முஹம்மது, ஜோசப், ஸ்டீபன், ஷாஹுல், திரௌபதி என எல்லாப் பெயர்களும் ஒரே வரிசையில் நிற்கும். தமிழ் இலக்கணப் பண்டிதர்கள் வடவெழுத்து என்று ஒதுக்கி வைக்கும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கும் இக்கரையில் அன்றாடச் சோறு. அவை விழாத விசைப்பலகையோ பெட்டியோ இங்கே உதவாது.

இந்த மண்ணில் பெயர்களைப் பதிவு செய்யும் வேலையைச் சிறப்பாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834 இல் அவருடைய ‘சிலோன் கசற்றியர்’ வந்தது. 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’ வந்தது. அவர் எழுதியது ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் ஊரின் பெயரையும் புலவனின் பெயரையும் ஓர் ஒழுங்கோடு எழுதி வைக்கவேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. அதே கற்பிட்டியின் பெயர் இன்று கணினியில் எப்படி விழுகிறது என்பதற்கு வருகிறேன்.

சில காலத்துக்கு முன் அக்கரையில் ஓர் அலுவலகத்துக்குச் செல்ல நேர்ந்தது. அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. குற்றம் அங்கே பணியாற்றிய பிள்ளைகளுடையதும் இல்லை. உறுப்பினர் விவரங்களைப் பதிவதற்கு யாரோ ஒரு தனியார் நிரலாளர் செய்து கொடுத்த மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வண்ண வண்ணமான பொத்தான்கள், வளைந்த ஓரங்கள் கொண்ட பெட்டிகள். பார்க்க அழகுதான். முதியவர் ஒருவர் தம் மனைவியின் பெயரைச் சொன்னார். திரையில் விழுந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, “மகள், பேருல ஹானா எங்க?” என்றார். அந்தப் பெண் பிள்ளை என் பக்கம் திரும்பி, “இது இப்படித்தான் சேர் விழும். அச்சடிச்ச பிறகு பேனையால எழுதி விடுவம்” என்றாள். பக்கத்தில் அச்சிட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்தேன். கற்பிட்டி என்று இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் ‘குற்பிட்டி’. உடப்பு ‘ஊடப்பு’ ஆகியிருந்தது. சிலாபத்தின் சகரம் சுகரமாகி அதன்மேல் ஒரு விசிறியும் ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தளமும் முந்தலும் மாத்திரம் பழுதின்றித் தப்பியிருந்தன.

பாமினி எழுத்துருவில் வேலை செய்த எவருக்கும் இதன் காரணம் விளங்கும். மற்றவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, ஆங்கிலப் பொறியின் குறைந்த எண்ணிக்கையுள்ள விசைகளுக்குள் 247 எழுத்துகளை அடக்கவேண்டியிருந்தது. விசிறியையும் புள்ளியையும் தனி விசைகளாக்கி, அவற்றைத் தட்டும்போது தாள் நகராதபடி ‘நகரா விசை’ அமைத்தார். தட்டச்சு மரபில் பழகிய கைகளுக்காகப் பிற்காலத்தில் கணினி எழுத்துருக்கள் வந்தன. ஈழத்தமிழர் மத்தியில் அதிகம் பரவியது பாமினி. இந்த எழுத்துருக்களின் தந்திரம் எளியது. கணினிக்குத் தமிழே தெரியாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சட்டை. ‘எஃப்’ தட்டினால் க. பெரிய ‘எஃப்’ தட்டினால் கு. சிறிய ‘ஆர்’ ச, பெரிய ‘ஆர்’ சு. சிறிய ‘சி’ உ, பெரிய ‘சி’ ஊ. புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. ஜகரத்துக்கும் ஸகரத்துக்கும் சதுர அடைப்புக்குறிகள், ஷகரத்துக்குச் சாய்கோடு, ஹகரத்துக்கு எண் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கும் அந்தச் சிறு சாய்குறி.

இப்போது அந்த அழகிய பெட்டிக்கு வருவோம். விண்டோஸ் தரும் சாதாரண எழுத்துப்பெட்டியை அந்த நிரலாளர் பயன்படுத்தவில்லை. தாமே ஒன்றை வனைந்திருக்கிறார். விசை அழுந்தும் ஒவ்வொரு முறையும் அதைத் தாமே பிடித்து, சோதித்து, திருத்தி, திரையில் வரைகிறார். பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கவேண்டும் என்பது ஆங்கிலத்தில் நல்ல பழக்கம். அதைப் பெட்டியே செய்துவிடுகிறது. ஆகவே கற்பிட்டியின் சிறிய ‘எஃப்’ பெரிய ‘எஃப்’ ஆகி, க கு ஆயிற்று. புத்தளமும் முந்தலும் இயல்பாகவே பெரிய எழுத்தில் தொடங்குவதால் தப்பின. பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம், குறியீடுகள் கூடாது என்பது அவருடைய இரண்டாவது விதி. பெயர் எழுதும் பெட்டியில் மட்டும் அதை வைத்திருந்தார். ஊர்ப்பெயர்ப் பெட்டி தப்பியது. இந்த விதி ஹகரத்தையும் ஜகரத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஹாஜரா என்ற பெயரில் மிஞ்சுவது ஒரு காலும் ‘ரா’வும். ஜோசப்பில் ஜகரமும் கடைசிப் புள்ளியும் போய், கொம்பும் காலும் அநாதையாக நிற்க ‘சப’ மிஞ்சும். நாற்பது ஆண்டு தன் கணவனோடு கடலுக்கும் கருவாட்டு வாடிக்கும் உழைத்த ஒரு பெண்மணியின் பெயர் ‘ாரா’ என்று பதிவாவதை நகைச்சுவை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தாய்மண்ணை விட்டு இரண்டு மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்டு, கையில் ஓர் ஆவணமும் இன்றி வந்தவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் தம் பெயரை நிரூபிப்பதற்கே பல ஆண்டுகள் அலைந்தவர்கள்.

இந்த இடத்தில் இளைஞர்கள் குறுக்கிடுவார்கள். “ஐயா, பாமினியை யார் இப்போது பயன்படுத்துகிறார்கள்? யூனிகோடுக்கு மாறினால் தீர்ந்தது” என்பார்கள். மாறவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. யூனிகோட்டின் முதற் பதிப்பு 1991 இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. தமிழ்நாட்டில் 1999 பெப்ரவரியில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை வந்தது. இலங்கையில் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரம் வந்தது. ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது. முரசு அஞ்சல், எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் எனத் தமிழர் தாமே ஆக்கிக்கொண்ட கருவிகளும் நிறைய. பாமினியில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றச் சுரதாவின் மாற்றி எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது! 2019 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையே உள்ளடங்கிவிட்டது. அப்படியிருந்தும் சொந்தமாக வனைந்த பெட்டிகள் தமிழை விழுங்குவது நிற்கவில்லை. விழுங்கும் முறை மாறியிருக்கிறது.

‘எழுத்து மட்டும்’ என்ற அதே விதியை யூனிகோடில் வைத்துப் பாருங்கள். நிரலாளர் இம்முறை கெட்டிக்காரர்; ஆங்கில எழுத்து மட்டும் என்று எழுதாமல், உலகத்தின் எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று எழுதுகிறார். ஜாவாவிலும் சீ-ஷார்ப்பிலும் ‘இது எழுத்தா?’ என்று கேட்பதற்கு ஆயத்தமான கட்டளை உண்டு. ககரத்தைக் காட்டிக் கேட்டால் ஆம் என்னும். விசிறியைக் காட்டிக் கேட்டால் இல்லை என்னும். புள்ளிக்கும் இல்லை என்னும். யூனிகோட்டின் வகைப்பாட்டில் அவை எழுத்தல்ல, எழுத்தோடு சேரும் குறிகள். ஆகவே கற்பிட்டி ‘கறபடட’ ஆகும். முஹம்மது ‘மஹமமத’ ஆவார். தொல்காப்பியர் மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்று வகுத்து எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. எங்கள் நிரலாளர் இன்னமும் புள்ளியை எழுத்தின் பகுதி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

நீளக் கணக்கு இன்னொரு வேடிக்கை. கற்பிட்டியில் எத்தனை எழுத்து என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். யூனிகோட்டின் குறியீட்டுக் கணக்கில் ஒன்பது. அதை யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 27 பைட்டு. ‘ஊர்ப்பெயருக்கு இருபது போதும்’ என்று பைட்டுக் கணக்கில் அளந்து வைத்த பெட்டி ‘கற்பிட’ வரைக்கும் வாங்கிக்கொண்டு, அதன் பின்னால் உடைந்த எழுத்தின் எச்சமாக ஒரு கேள்விக்குறியை வைக்கும். ஒன்பது எழுத்து ஆங்கிலப் பெயர் ஒன்பது பைட்டில் முடிந்துவிடுவதால் கொழும்பில் சோதித்துப் பார்த்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இவற்றுக்கெல்லாம் மூலம் எங்கே இருக்கிறது? விசை வேறு, எழுத்து வேறு என்பதை மறப்பதில் இருக்கிறது. கணினியில் ஒரு விசையை அழுத்தும்போது இரண்டு செய்திகள் புறப்படுகின்றன. இன்ன விசை அழுந்தியது என்பது ஒன்று. அதன் விளைவாக இன்ன எழுத்துப் பிறந்தது என்பது மற்றது. விண்டோஸ், ஜாவா இரண்டுமே இவ்விரண்டையும் தனித்தனியாகவே அனுப்புகின்றன. தமிழ்99 இல் ‘தமிழ்’ என்று எழுத ‘எல், கே, எஸ், சாய்கோடு, எஃப்’ தட்டவேண்டும். முதல் செய்தியை மட்டும் கேட்கும் பெட்டிக்கு அந்த ஐந்து ஆங்கில விசைகள்தாம் தெரியும். தமிழ் விசைப்பலகை இயங்கினாலும் இயங்காவிட்டாலும் அது ஆங்கிலத்தையே எழுதும். அம்புக்குறி, டாப், எஸ்கேப் போன்ற ஏவல்களுக்கு முதல் செய்தியைக் கேளுங்கள். எழுத்துக்கு இரண்டாவதைக் கேளுங்கள். சில தமிழ் மென்பொருள்கள் விசையே இல்லாமல் நேரடியாக எழுத்தை அனுப்புவதும் உண்டு. விசையை மட்டும் எதிர்பார்த்து நிற்கும் பெட்டிக்கு அப்போது எதுவுமே வராது. “உங்கள் கீபோர்டு பழுது” என்று பயனாளருக்குப் பதில் கிடைக்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் அழிவிசையில் இருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் ‘கே’ தட்டினால் க் விழும். அடுத்து ‘ஐ’ தட்டினால் அந்தப் புள்ளி அகன்று கி ஆகவேண்டும். தட்டச்சு மரபில் பழகியவர் ‘கெ’ எழுதக் கொம்பை முதலில் தட்டுவார். யூனிகோடோ கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கச் சொல்கிறது. எனவே முன்னே விழுந்ததை எடுத்துவிட்டு மாற்றி வைக்கும் வேலை தமிழ் எழுதும்போது ஓயாமல் நடக்கிறது. சிங்களத்து விஜேசேகர விசைப்பலகையிலும் கொம்புவைத் தட்டுவது முதலில்தான். ஆகவே இது தமிழனுக்கு மட்டும் உள்ள தலைவலி அன்று. இயங்குதளத்தின் சொந்தப் பெட்டி இந்த மாற்றத்துக்கு இணங்கும். ‘எனக்கு முன்னால் என்ன எழுத்து நிற்கிறது?’ என்று விசைப்பலகை மென்பொருள் கேட்டால் பதில் சொல்லும். சொந்தமாக வனைந்த பெட்டி பதில் சொல்லாது. வேறு வழியின்றி விசைப்பலகை மென்பொருள் ஓர் அழிவிசையைப் பொய்யாக அழுத்திக் காட்டி, பின்னர் புதிய எழுத்தை அனுப்பும். அட்டவணைக் கட்டம் ஒன்றில் அழிவிசை என்றால் ‘கட்டம் முழுவதையும் காலி செய்’ என்று நிரலாளர் வைத்திருந்தால் என்ன ஆகும்? எழுத எழுதப் பெயர் மறையும். அலுவலகத்துப் பிள்ளை மூன்று முறை முயன்றுவிட்டு ஆங்கிலத்தில் எழுதி முடிப்பாள்.

ஆங்கிலத்தில் எழுதினால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கும் தமிழரும் இருக்கிறார்கள், கொழும்பிலும் இருக்கிறார்கள், கனடாவிலும் இருக்கிறார்கள். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். தகப்பன் பத்திரத்தில் ஒரு விதம், மகன் பத்திரத்தில் ஒரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞன் சத்தியக் கடதாசி முடிக்க அலைவது இதனால்தான். தமிழிலும் அந்தப் பெயரைச் சில விதமாக எழுதுவார்கள்; ஆனாலும் பத்திரத்தில் பதிந்த தமிழ் எழுத்துக்கூட்டல் ஒன்று இருக்கும். அதை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். தமிழ் எழுத்தே பதியப்படாவிட்டால் ஆதாரத்துக்கு எங்கே போவது? 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்தது. அந்த வாசகம் கடைசியில் நடைமுறைக்கு வரும் இடம் கரும பீடத்தில் இருக்கும் எழுத்துப்பெட்டி. அங்கே அது விழவில்லை என்றால் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தும் பயனில்லை.

நிரலாளர்களை நான் வில்லன்களாகக் காணவில்லை. வாடிக்கையாளர் அழகு கேட்கிறார், விலையோ குறைவு, சோதித்துப் பார்க்க உடப்புக்காரரோ கற்பிட்டிக்காரரோ அருகில் இல்லை. இருந்தாலும் ஒன்றை உரிமையோடு சொல்வேன். எழுத்துப்பெட்டியைத் தாமாக வனையவே வேண்டாம். நிறமும் வளைவும் வேண்டுமானால் இயங்குதளம் தரும் பெட்டிக்கு மேலே சட்டம் போடலாம். உள்ளே எழுத்து விழும் இடத்தைத் தொடவேண்டாம். விண்டோஸ், மக்கின்தோஷ், ஜாவா எதிலும் பல மொழிகளின் நுணுக்கம் அறிந்தவர்கள் பல ஆண்டு உழைத்து அந்தப் பெட்டியைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானியரும் சீனரும் கேட்டு வாங்கிய வசதிகளில் நமக்கும் பங்கு இருக்கிறது. வனைந்தே தீருவேன் என்பவர், இயங்குதளத்தின் உள்ளீட்டு முறைச் சேவையோடு தம் பெட்டியை இணைக்கட்டும். சுட்டி முழு எழுத்தாக நகரட்டும். அழிவிசை கடைசியாகத் தட்டியதை மட்டும் அழிக்கட்டும். கடைசியாகச் சொன்னதில் மாறுபட்ட கருத்துடையோர் உண்டு. ‘கி’ முழுவதும் ஒரேயடியாக அழியவேண்டும் என்பார்கள். நாள் முழுதும் தட்டச்சிடுபவன் விசிறியை மாற்றத்தான் பெரும்பாலும் அழிவிசையைத் தேடுகிறான். ககரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டால் அவனுக்கு இரட்டை வேலை. பத்திரிகைக் காரியாலயத்தில் எந்தத் தட்டச்சாளரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்கும் சங்கங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கோயில் சபைகளுக்கும் பங்குத்தந்தைமாருக்கும் பிரதேச அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலைமனுவில் தமிழ் வசதி உண்டு என்று ஒரு வரி எழுதியிருப்பதை நம்பவேண்டாம். மென்பொருளைக் கொண்டு வருபவரை உட்காரவைத்து, உங்கள் தட்டச்சாளர் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகையிலேயே ஹாஜரா, முஹம்மது, ஜோசப், ஸ்டீபன், ஷாஹுல், திரௌபதி, கற்பிட்டி ஆகிய ஏழையும் ஒவ்வொரு பெட்டியிலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேமித்து, மூடி, திறந்து, அச்சிட்டு, தேடல் பெட்டியில் அதே பெயரை எழுதித் தேடச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை. ஏழும் முழுதாக வந்த பின் மிகுதிப் பணத்தைக் கொடுக்கலாம்.